அடி தெரியும் வரை

காலையில் தகரக் கதவைத் தள்ளியதும் மூக்குக்கு எல்லாம் சரியாகத்தான் பட்டது. குளோரின் வாடை அளவாக இருந்தது, பாசி நாற்றம் இல்லை, ஈரத் தரையின் வழக்கமான வாசம். கண்ணுக்குத்தான் சரியில்லை. நீச்சல்குளம் மறுபடியும் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றிய மாதிரி வெளுத்துக் கிடந்தது. மேல்படியே மங்கலாகத்தான் தெரிந்தது. அதற்குக் கீழே ஒன்றுமே தெரியவில்லை.

"போச்சு" என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டு அவள் அப்படியே ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள்.

வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட இந்தக் குளத்தில்தான் அவளும் அவள் கணவரும் குழந்தைகளுக்கு நீச்சல் வகுப்பு நடத்தினார்கள். அவருடைய சொந்தப் பெயர் பாதிப் பேருக்குத் தெரியாது. தவளை மாஸ்டர் என்றால்தான் தெரியும். குளத்தின் அடியில் போய்க் குந்திக்கொண்டு, மேலே குழந்தைகள் எண்ணி எண்ணிக் களைத்துப்போகும்வரை மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பார். அப்படிப்பட்ட தவளை இதே தண்ணீரில் மூழ்கிச் செத்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. நாளைக்கு வகுப்பை மறுபடியும் திறக்க வேண்டும். முதல் ஆளாக இறங்கப்போவது அவள் மகள். பெயர் ஒன்று வைத்திருந்தாலும் எல்லாருக்கும் அவள் வாலுதான்.

சுவரில் அவர் கைப்பட எழுதிய வாசகம் இன்னும் இருந்தது. 'அடி தெரியாத தண்ணீரில் யாரும் இறங்கக் கூடாது.' ஆழமான பக்கத்தின் தரையில் ஓர் எஃகுச் சல்லடை உண்டு. மோட்டார் தண்ணீரை இழுக்கிற வாய்க்கு அதுதான் மூடி. கரையில் நின்று பார்த்தால் அந்த மூடியின் ஓட்டைகள் தெரிய வேண்டும், அப்போதுதான் விசில் ஊதுவார். அவர் போனதிலிருந்து அந்த மூடியை அவள் ஒரு நாளும் பார்க்கவில்லை.

மருந்தில் குறையில்லை. சோதனைச் சொட்டு விட்டுப் பார்த்தாள், புளிப்பும் காரமும் சரியாக இருந்தன. குளோரின் இருந்தது. அப்புறம் ஏன் கலங்கல்? குளத்து மருந்து விற்கிற கடைக்காரர் தலையைச் சொறிந்துவிட்டுப் படிகாரம்தான் வழி என்றார். படிகாரத்தைக் கரைத்துச் சுற்றிலும் ஊற்றி, கலந்ததும் மோட்டாரை நிறுத்திவிட வேண்டும். ராத்திரி முழுக்கத் தண்ணீர் அசையாமல் கிடந்தால், மிதக்கிற தூசியெல்லாம் ஒன்றோடொன்று ஒட்டித் திப்பித் திப்பியாகி, வெள்ளைப் போர்வையாக அடியில் உட்கார்ந்துவிடும். காலையில் அதை உறிஞ்சி வெளியே விட்டால் முடிந்தது வேலை. அசையாமல் இருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று கடைக்காரர் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார். அவளும் அப்படியே செய்தாள். நேற்றும் செய்தாள், அதற்கு முந்தியும் செய்தாள். தலைகீழாக நின்றாலும் காலையில் வந்து பார்த்தால் இதே பால் தண்ணீர்.

எழுந்து மோட்டார் அறைக்குப் போனாள். குழாய்களுக்கு நடுவே குனிந்து வால்வைப் பார்க்கும்போது தடுமாறி மோட்டாரின் மேல் கையை ஊன்றினாள்.

சூடாக இருந்தது.

நேற்று மாலை மோட்டாரை நிறுத்தியது அவள்தான். சுவிட்ச் இப்போதும் கீழேதான் இருந்தது. அறையைத் திறக்கும்போது பூட்டும் பூட்டியபடிதான் இருந்தது. கையை எடுத்துப் பாவாடையில் துடைத்துக்கொண்டாள், சூடு போகவில்லை.

அப்போது குழாயில் சத்தம் கேட்டது. டக். டக்.

அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். கணவர் அடியில் இறங்கித் தரையைத் தேய்க்கும்போது மேலே மோட்டார் அறையில் ஒருவர் நிற்பார். கீழேயிருந்து பேச முடியாது அல்லவா? அதனால் மோதிரத்தால் எஃகுச் சட்டத்தில் தட்டுவார். குழாய் வழியாக அது இங்கே கேட்கும். இரண்டு தட்டு தட்டினால் மோட்டாரை நிறுத்து என்று அர்த்தம். அந்த மோதிரம் இப்போது அவளுடைய கட்டைவிரலில் இருக்கிறது.

இரும்பு குளிரும்போது அப்படித்தான் சத்தம் போடும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வெளியே வந்தாள். இதை யாரிடம் சொல்வது? அண்ணனிடம் சொல்லலாம். அப்பா அம்மா இல்லாத வீட்டில் அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன், பின் சுவருக்கு அந்தப் பக்கம்தான் குடியிருக்கிறான். நடுவில் ஒரு சின்ன இரும்புக் கதவு, அவ்வளவுதான் தூரம். மோட்டார் வேலையெல்லாம் அவன்தான் பார்த்தான். ஆனால் சொன்னால் என்ன நினைப்பான்? புருஷன் போன துக்கத்தில் தங்கைக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைப்பான். பாவம், அவனுக்கே போதும் போதும் என்று ஆகிவிட்டது. உடலைத் தண்ணீரிலிருந்து தூக்கியது அவன்தான்.

துக்கம் என்று சொல்வதும் பொய். அவளுக்கு இருந்தது கோபம். அன்றைக்கு அண்ணன் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, காதோடு காதாக, "மாப்ள குடிச்சிட்டு எறங்கியிருக்கார் பாப்பா. வெளிய தெரிய வேணாம்" என்றான். வாலு பிறந்த அன்று அவர் குடியை விட்டிருந்தார். குழந்தையின் தலையில் கை வைத்துச் சத்தியம் செய்திருந்தார். அந்தச் சத்தியத்தைத் தண்ணீரில் கரைத்துவிட்டுப் போன மனுஷனுக்காக எப்படி அழுவது? வந்த சொந்தக்காரர்கள் எல்லாம், கல்நெஞ்சுக்காரி, ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை என்று பேசிக்கொண்டார்கள். அவருடைய வலது தோளைச் சுற்றிக் கறுப்பாக வளையம் மாதிரி ஒரு காயம் இருந்ததை அவள் பார்த்தாள். தூக்கும்போது படியில் இடித்துவிட்டது என்று சொல்லி அண்ணன் அவருக்கு முழுக்கைச் சட்டை போட்டுவிட்டான். அவள் அதற்கு மேல் கேட்கவில்லை.

வாலுவுக்கும் அவனே ஒரு கதை சொல்லி வைத்திருந்தான். அப்பா அடியில் குந்திக்கொண்டு மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கிறாராம். அதனால் அந்தப் பிள்ளை தினமும் பல் தேய்க்கும்போது கேட்கும், இன்னும் எவ்வளவு நேரம் பிடிப்பார் என்று.

மாலையில் அவள் மறுபடியும் படிகாரம் கரைத்தாள். வாளியில் துடுப்பால் கலக்கும்போது தெறித்த துளி உதட்டில் பட்டு நாக்கைச் சுருக்கியது. சுற்றிலும் ஊற்றி, கலக்கவிட்டு, மோட்டாரை நிறுத்தி, அறையைப் பூட்டினாள். பிறகு வாலுவை இரும்புக் கதவு வழியாக அண்ணன் வீட்டில் விட்டு, அண்ணியிடம் தலைவலி, சீக்கிரம் படுக்கப்போகிறேன் என்றாள். வாலு புது நீச்சலுடையைக் கழற்றவே மாட்டேன் என்று அடம்பிடித்து, தண்ணீர்க் கண்ணாடியையும் நெற்றியில் மாட்டிக்கொண்டே சோற்றுக்கு உட்கார்ந்தது.

திரும்பி வந்து உடை மாற்றும் அறையில், விளக்கைப் போடாமல், கதவை ஒரு கை அளவு திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள் என்றுதான் சொல்ல வேண்டும். வந்தால் அவர்தான் வருவார் என்று அவள் நம்பினாள். வந்தால் கேட்க ஒரே கேள்வி இருந்தது. ஏன் குடித்தீர்கள்?

இருட்டத் தொடங்கியது. கூரைத் தகரம் பகல் சூட்டை விட்டுவிட்டு ஒவ்வொரு மூலையாக முனகியது, எங்கோ ஒரு குழாய் சொட்டியது, குழந்தைகளின் மறந்துபோன துண்டுகளிலிருந்து ஈரமும் சோப்பும் கலந்த புளித்த வாசம் வந்தது, தெருவிளக்கின் வெளிச்சம் கூரை இடுக்கு வழியாக ஒரு பட்டையாக விழுந்து தண்ணீரின் மேல் அசையாமல் கிடந்தது. அந்த வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டே இருந்தாள். தண்ணீர் தெளிந்துகொண்டிருந்தது. மேல்படி தெரிந்தது. இரண்டாவது படி. சுவர் ஓட்டின் நீலக் கோடு. கலங்கலெல்லாம் கீழே இறங்கி, ஆழத்தில் பாதி உயரத்துக்கு வெள்ளைப் படலமாக நின்றது. படிகாரம் வேலை செய்கிறது. தப்பு மருந்தில் இல்லை.

டக். டக்.

பக்கத்துச் சுவரில் ஓடிய குழாயில்தான் கேட்டது. மோட்டார் ஓடவில்லை, தண்ணீரில் ஓர் அலையும் இல்லை. ஏன் அப்படிச் செய்தாள் என்று அவளுக்கே தெரியாது, கட்டைவிரல் மோதிரத்தால் குழாயில் மெல்லத் திருப்பித் தட்டினாள்.

உடனே பதில் வந்தது. டக். டக். அவசரமாக. மறுபடியும். மறுபடியும். கெஞ்சுகிற மாதிரி.

காதைப் பொத்திக்கொண்டாள். பொத்திய கைகளையும் மீறி இன்னொரு சத்தம் கேட்டது. பின் சுவரின் இரும்புக் கதவு கிறீச்சென்று திறந்தது. மூடிய சத்தம் கேட்கவில்லை. யாரோ செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்து வந்தார்கள். ஈரத் தரையில் பாதம் ஒட்டி ஒட்டிப் பிரிந்தது. மோட்டார் அறைப் பூட்டில் சாவி திரும்பியது.

அவளிடம் ஒரு சாவி. இன்னொன்று அண்ணனிடம்.

மோட்டார் அறை வாசலில் போய் நின்றாள். அவன் முதுகைக் காட்டிக்கொண்டு வால்வைத் திருப்பிக்கொண்டிருந்தான். வடிகட்டி வழியாகப் போகாமல் தண்ணீர் சும்மா சுற்றுகிற மாதிரி வைத்துவிட்டுச் சுவிட்சுக்குக் கை நீட்டினான்.

"நீதானா அண்ணா?"

அவன் துள்ளவில்லை. கை மட்டும் அந்தரத்தில் நின்றது. திரும்பியபோது அவன் முகம் பேயறைந்த மாதிரி இருந்தது.

"போய்ப் படு பாப்பா. காலைல பேசிக்கலாம்."

"ஏன் கலக்கிவிடறே? நாளைக்கு உன் மருமக அதுல எறங்கறா."

அவன் குளோரின் டப்பாக்களுக்குப் பின்னால் பார்த்தான். அவளும் பார்த்தாள். அங்கே ஒரு புது எஃகுச் சல்லடை, உறை பிரித்து, ஈரத்தோடு சாத்தி வைத்திருந்தது. குளத்தடி மூடி. மூடி இங்கே இருந்தால் அடியில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. வெறும் வாய். அடி தெரிந்தால் அது தெரிந்துவிடும். அவள் சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வந்தது. பழைய மூடி உடைந்துவிட்டதாம். புதிதாக மாட்டிவிட்டேன் என்று அவன் மாப்பிள்ளையிடம் பொய் சொல்லியிருந்தானாம், நாளைக்கு மாட்டிக்கொள்ளலாம் என்ற சோம்பலில். அன்றைக்கு மாலை வேறு எதற்கோ இரண்டு பேருக்கும் வாய்ச்சண்டை. மாப்பிள்ளை கோபத்தில் அடியைப் பார்க்காமலே தரையைத் தேய்க்க இறங்கினார், அண்ணன் மோட்டார் அறையில் நின்றான். வாய் அவர் கையை இழுத்துக்கொண்டது.

"தட்டினாரா?" என்று கேட்டாள்.

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டான்.

"அண்ணா. தட்டினாரா?"

"தட்டினார். எப்பவும் வெளையாடுவாரே... கோவம் வேற. கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும்னு நெனச்சேன் பாப்பா. கொஞ்ச நேரம்தான்."

"குடிச்சிருந்தாரா?"

இல்லை என்று தலையசைத்தான்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. ஒரு மாதமாக வராத அழுகை. சத்தியத்தைக் காப்பாற்றிய மனுஷனைச் செத்த பிறகும் தினமும் மனதுக்குள் திட்டினாளே, அவருடைய படத்தைக்கூடத் திருப்பி வைத்தாளே, அவளைத் தோளில் தூக்கி வளர்த்தவன் வாயில் வந்தது என்பதற்காகவே அத்தனையையும் நம்பினாளே. பக்கத்தில் இருந்த வாளியை எடுத்து அவன் மேல் வீச வேண்டும் போல இருந்தது. வீசவில்லை.

"எறங்கி மூடு."

"மாட்டேன் பாப்பா. பல தடவ எறங்கிட்டேன். வெச்சா நிக்கல. கீழேருந்து தள்ளுது."

"இன்னும் என்ன கதை சொல்லுவே? எம்பொண்ணு கால வெக்கிற தண்ணி அது. எறங்கு. நான் மோட்டார்கிட்ட நிக்கறேன்."

அவன் அவளையே பார்த்தான். அந்தப் பார்வை அவளுக்குப் புரிந்தது. கையை நீட்டி, பலகையிலிருந்து ஃபியூஸ் கட்டையைப் பிடுங்கி உள்ளங்கையில் வைத்துக் காட்டினாள். "இந்தா. போதுமா? நான் உன்ன மாதிரி இல்ல."

அவன் சட்டையைக் கழற்றினான். மூடியை மார்போடு அணைத்துக்கொண்டு படியில் இறங்கினான். தெளிந்த மேல் தண்ணீரில் அவன் உடம்பு முழுக்கத் தெரிந்தது. ஆழமான பக்கத்தில் ஒரு பெருமூச்சை இழுத்துக்கொண்டு தலைகீழாகப் போனான். வெள்ளைப் படலம் வழிவிட்டது. கடைசியாக இரண்டு பாதங்கள். பிறகு மூடிக்கொண்டது.

அவள் மோட்டார் அறை வாசலில் நின்றாள். கூரை முனகல் நின்றிருந்தது. குழாய் சொட்டுவதும் நின்றிருந்தது.

டக். டக்.

மாட்டிவிட்டான் போல. இல்லை. இரண்டு தட்டு என்றால் அது இல்லையே. நிறுத்து என்றல்லவா அர்த்தம். எதை நிறுத்துவது?

முதலில் உள்ளங்காலில்தான் தெரிந்தது. தரை அதிர்ந்தது. பிறகு காதுக்கு வந்தது அந்த ரீங்காரம்.

மோட்டார் ஓடியது.

சுவிட்சை அழுத்தினாள். அது கீழேதான் இருந்தது. மேலே தள்ளிக் கீழே இழுத்தாள். ஓடியது. வலது கையை விரித்துப் பார்த்தாள். ஃபியூஸ் கட்டை அங்கேயே இருந்தது. இறுக்கிப் பிடித்ததில் அதன் செம்புக் கம்பி சதையில் குத்தி ரத்தம் வந்திருந்தது.

டக். டக். டக். டக்.

கொஞ்ச நேரம் காத்திருக்கட்டும்.

யார் நினைத்தது அது? அவள்தான். அவளேதான் நினைத்தாள். உடம்பு கூசியது. ஓடினாள்.

கரையில் முழங்காலிட்டு எட்டிப் பார்த்தாள். ஒரு ராத்திரி பிடிக்கிற வேலை கண்ணெதிரே நடந்துகொண்டிருந்தது. படலம் உடைந்து, திப்பி திப்பியாக, வேகமாக இறங்கியது. தண்ணீர் தெளிந்தது. அவ்வளவு தெளிவை அவர் இருந்தபோதுகூடப் பார்த்ததில்லை. ஒவ்வொரு ஓடும் தெரிந்தது. அடி தெரிந்தது.

மூடி ஒரு பக்கம் கிடந்தது. சதுரமாக ஒரு கறுப்பு வாய். அண்ணன் அதன்மேல் சாய்ந்து கிடந்தான். வலது கை தோள்வரை உள்ளே. கண் திறந்திருந்தது. இடது கை தளர்ந்து மிதந்தது. அந்தக் கை தட்டவில்லை.

தட்டல் மட்டும் கேட்டுக்கொண்டிருந்தது.

அவனுக்குப் பக்கத்தில் யாரும் இல்லை. ஆனால் அங்கே வெள்ளைத் திப்பிகள் தரைக்கு வரவில்லை. பாதியில் நின்றன. எதன் மேலோ உட்கார்ந்தன. முதலில் ஒரு தோள். பிறகு தலை. முதுகு. மடங்கிய முழங்கால்கள். ஒருவர் அடியில் தவளை மாதிரிக் குந்தியிருந்தார். ஒரு கை அண்ணனின் புஜத்தைப் பிடித்திருந்தது. மறுகையின் விரல் எஃகுச் சட்டத்தில் தட்டியது.

"விட்டுடுங்க" என்றாள். குரல் வெளியே வந்ததா என்று தெரியவில்லை. "நான் நம்பிட்டேங்க. தப்புதாங்க. விட்டுடுங்க."

தட்டல் நின்றது.

வெள்ளை முகம் மேலே திரும்பியது. கண்குழிகளிலும் படிகாரம் நிறைந்திருந்தது. அவளைப் பார்த்தது. கொஞ்ச நேரம் பார்த்தது. பிறகு, அவள் பேச்சில் இனி ஒன்றும் இல்லை என்பது போல, அவளை விட்டுத் திரும்பிக்கொண்டது. அண்ணனின் புஜத்தை விட்டது. அவன் கை வாய்க்குள்ளிருந்து மெல்லக் கழன்றது, உடம்பு பக்கவாட்டில் சரிந்தது. கறுப்பு வாய் திறந்தபடி இருந்தது. மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது.

வெள்ளை உருவம் எழுந்து நின்றது. இரண்டு கைகளையும் மேலே நீட்டியது. குதிக்கப் பயப்படும் குழந்தைகளுக்கு அவர் அப்படித்தான் நீட்டுவார். ஆனால் அவளை நோக்கி நீட்டவில்லை. எதிர்க் கரையை நோக்கி.

நிமிர்ந்து பார்த்தாள்.

மூடாமல் விட்ட இரும்புக் கதவு. அதிலிருந்து எதிர்க் கரைவரை சின்னச் சின்ன ஈரக் கால்தடங்கள். அந்தக் கரையில், அப்பா சொல்லிக்கொடுத்தபடியே கால்விரல்களை விளிம்புக்கு வெளியே வைத்து, முழங்காலை மடக்கி, தண்ணீர்க் கண்ணாடியைக் கண்ணுக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, வாலு நின்றிருந்தது. மூச்சை நன்றாக உள்ளே இழுத்துக் கன்னம் இரண்டையும் உப்பிக்கொண்டிருந்தது.